சிசேரியன் வலிக்கு மாத்திரை எடுத்தேன், பாலைப் பிழிந்து ஊற்றுகிறேன். குழந்தையின் மூளைக்கு ஏதாவது ஆகுமா?

நிலாவின்_அம்மா
செவ்வாய், இரவு 11:42

ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மகள் பிறந்து இன்றோடு 6 நாள். சிசேரியன். வீட்டுக்கு அனுப்பும்போது பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நேரத்துக்கு எடுக்கச் சொன்னார்கள். அதற்கும் அடங்காத வலிக்கு மட்டும் என்று ஹைட்ரோமார்ஃபோன் 1 மி.கி. மாத்திரை பத்து தந்தார்கள், மார்ஃபீன் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து. மூன்று நாளில் நான்கு எடுத்திருக்கிறேன்.

நேற்று மாமி அந்தக் குப்பியில் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கையை வாசித்துவிட்டு, "இது போதை மருந்தெல்லோ, பாலில் இறங்காதா?" என்று கேட்டார். இரவு முழுக்கத் தேடினேன். பால் கொடுக்கும் எலிக்கு ஓபியாய்டு கொடுத்தால் குட்டிகளின் மூளை வளர்ச்சி மாறுகிறது என்று ஒரு கட்டுரை. 2005-இல் இதே டொராண்டோவில் தாய்ப்பாலில் வந்த மார்ஃபீனால் ஒரு குழந்தை இறந்தது என்று இன்னொன்று. அதை வாசித்த பிறகு அவளை மார்பில் போட மனம் வரவில்லை.

காலையிலிருந்து பாலைப் பிழிந்து சிங்கில் ஊற்றுகிறேன். பவுடர் பால் கொடுக்கிறோம், பாதியைத் துப்பிவிடுகிறாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருக்கிறது. நான்கு மாத்திரையில் அவள் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.

---

செல்வி_தாதி
புதன், அதிகாலை 12:20

தங்கச்சி, பிரசவ வார்டில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். பதில் சொல்வதற்கு முன் எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். பிள்ளை பசிக்குத் தானாக எழும்பி அழுகிறாளா, நீங்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கிறதா? 24 மணி நேரத்தில் எத்தனை பாம்பர்ஸ் ஈரமாகிறது? கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரித் தொய்ந்து விழுகிறதா? மூச்சு இடையில் நின்று நின்று வருகிறதா?

எழுப்பியும் எழும்பவில்லை, பால் குடிக்கும் வலு இல்லை, மூச்சு மந்தமாக இருக்கிறது, உதட்டைச் சுற்றி நீலம் பாரிக்கிறது என்றால் இங்கே எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே 911. அப்படி எதுவும் இல்லை என்றால் 811-ஐக் கூப்பிடுங்கள். இரவிலும் பதிவுபெற்ற தாதி ஒருவர் பேசுவார்.

---

நிலாவின்_அம்மா
புதன், அதிகாலை 12:31

இரண்டு, இரண்டரை மணிக்கொருமுறை தானே எழுந்து வீடே அதிர அழுகிறாள், அக்கா. நேற்றிலிருந்து 6 பாம்பர்ஸ். விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறாள். மூச்சு எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகிறது.

---

செல்வி_தாதி
புதன், அதிகாலை 12:38

அழட்டும். அந்தச் சத்தம் நல்ல சத்தம். ஓபியாய்டு கூடிப்போன பிள்ளை இப்படி அழாது, பசியிலும் தூங்கும். 811-இல் பேசிவிட்டு, அவர்கள் சரி என்றால் இன்றிரவே மார்பில் போடுங்கள். நாளைக்கு எங்காவது நிறுத்து எடை பாருங்கள்.

---

மார்க்கம்_மருந்தாளர்
புதன், காலை 7:05

நீங்கள் வாசித்த டொராண்டோ சம்பவத்தின் பாதிதான் இணையத்தில் சுற்றுகிறது. மீதியையும் சொல்கிறேன்.

2005-இல் பிறந்து 13 நாளான ஒரு குழந்தை இறந்தது உண்மை. பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காகத் தாய் கோடீன் என்ற ஓபியாய்டும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எடுத்திருந்தார். குழந்தையின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் மார்ஃபீன் இருந்தது. 2006-இல் டொராண்டோ மருத்துவர் கிடியன் கோரனின் குழு லான்செட் மருத்துவ இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. கோடீன் தானாக வலியைத் தணிப்பதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதிதான் அதை மார்ஃபீனாக மாற்றுகிறது. அந்தத் தாய்க்கு இந்த நொதிக்கான மரபணு கூடுதல் நகல்களாக இருந்தது. ஆகவே கோடீன் மிக வேகமாக மார்ஃபீனாகிப் பாலில் இறங்கியது என்றார்கள். கேட்க மிகப் பொருத்தமான விளக்கம். உலகம் முழுக்க மருந்து எச்சரிக்கைகள் மாறின. 2017-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பாலூட்டும் தாய்மாருக்குக் கோடீனும் டிரமடாலும் வேண்டாம் என்றது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாயின் பாலில் அளந்த மார்ஃபீன் மில்லிலிட்டருக்கு 87 நானோகிராம். குழந்தை நாளுக்கு அரை லிட்டர் குடித்தது என்றே வைத்தாலும் மொத்தம் 44 மைக்ரோகிராம்கூட வராது. கருவில் பழகிய ஓபியாய்டு பிறந்ததும் நின்றுபோவதால் விலகல் அறிகுறி வரும் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் நாங்களே வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு நாள் மார்ஃபீன் இதைவிடப் பல மடங்கு. அந்த 70 பால் வழியாக மட்டும் எப்படி வந்திருக்கும்? டேவிட் ஜூர்லிங்க், ஜொனதன் சிபுர்ஸ்கி என்ற டொராண்டோ மருத்துவர்கள் இருவர் இதைக் கேட்டு, அது நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை என்று 2020-இல் எழுதினார்கள். அதே ஆண்டு, இந்தச் சம்பவத்தை வைத்து வந்திருந்த கட்டுரைகளை இரண்டு கனடிய இதழ்கள் திரும்பப் பெற்றன.

அப்புறம் 2023-இல் சிபுர்ஸ்கி குழுவே ஒன்டாரியோவின் 8,65,000-க்கும் மேற்பட்ட தாய்–சேய் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பிரசவத்துக்குப் பிறகு ஓபியாய்டு மாத்திரை வாங்கிய தாய்மாரின் குழந்தைகளில் 30 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 3.5 விழுக்காடு. வாங்காத தாய்மாரின் குழந்தைகளிலும் அதே 3.5.

நீங்கள் எடுப்பது கோடீன் இல்லை. ஹைட்ரோமார்ஃபோனுக்கு அந்த நொதி தேவையில்லை. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், தாய் எடுக்கும் அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவுதான் பால் வழியே குழந்தைக்குப் போகிறது. அதற்காக எவ்வளவும் எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 4 மி.கி. மாத்திரையை நாலு மணிக்கொருமுறை எடுத்துவந்த ஒரு தாயின் 6 நாள் குழந்தைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகி, ஓபியாய்டை முறிக்கும் நாலக்சோன் கொடுக்க வேண்டி வந்தது. அந்தத் தாய் ஒரே நாளில் எடுத்தது 24 மி.கி. நீங்கள் மூன்று நாளில் எடுத்தது 4 மி.கி.

பாரசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் வலி வரும் வரை காத்திருக்காமல் நேரத்துக்கு எடுங்கள், பெரும்பாலும் ஹைட்ரோமார்ஃபோன் தேவைப்படாது. அதை எடுத்த இரவில் பிள்ளையை உங்கள் கட்டிலில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். பாலில் போவதைவிட, மருந்து மயக்கத்தில் தாய் அயர்ந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

---

பிராம்ப்டன்_தந்தை
புதன், காலை 8:50

மருந்தாளர் அண்ணா, மூச்சு நிற்குமா என்பதற்குப் பதில் சொன்னீர்கள். அவர் கேட்டது மூளையைப் பற்றி. மருத்துவமனையில் சேரவில்லை என்பதால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில், ஓபியாய்டு விலகல் அறிகுறியோடு பிறந்த குழந்தைகளைப் பள்ளிக்கூடம் வரை பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் வகுப்பிலேயே மதிப்பெண் குறைவு, ஏழாம் வகுப்பில் இடைவெளி இன்னும் கூடிவிட்டது. 2017-இல் வந்த ஆய்வு. பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர் உண்மையைக் கேட்டிருக்கிறார்.

---

ஆய்வுக்கூடத்து_யாழினி
புதன், முற்பகல் 10:15

பிராம்ப்டன் அண்ணாவின் கேள்வி சரியானது. நான் நரம்பியல் ஆய்வு மாணவி, எலிக்குட்டிகளோடுதான் என் நாள் போகிறது. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓபியாய்டு வளரும் மூளையைத் தொடும். அதில் சந்தேகம் வேண்டாம். நம் மூளையே எண்டார்ஃபின், என்கெஃபலின் என்று சொந்தமாக ஓபியாய்டுகளைச் செய்கிறது. குழந்தையின் மூளையில் அவற்றுக்கு வலியைத் தணிப்பதைத் தாண்டியும் ஒரு வேலை உண்டு. எந்தச் செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் அவை பிரேக் மாதிரி இருக்கின்றன. பென்சில்வேனியாவில் சாகன், மெக்லாஃப்லின் என்ற இருவர் பிறந்த எலிக்குட்டிகளுக்கு இந்த பிரேக்கை அடைக்கும் நால்ட்ரெக்ஸோனைக் கொடுத்தார்கள். மூளை வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. 1983-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அதற்கு முன்பே, எழுபதுகளில், தாய் எலிக்கு மெத்தடோன் என்ற ஓபியாய்டைக் கொடுத்தால் குட்டிகளின் மூளை வளர்ச்சி பின்தங்குவதையும் அவர்கள் காட்டியிருந்தார்கள்.

அடுத்தது மயலின். நரம்பு இழையைச் சுற்றி இருக்கும் கொழுப்பு உறை, மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி. அதைச் சுற்றும் செல்களிலும் ஓபியாய்டு வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன. வர்ஜீனியாவில் கார்மென் சாட்டோ-பிக்பீயின் குழு கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் எலிக்கு புப்ரெனார்ஃபின் என்ற இன்னொரு ஓபியாய்டைக் கொடுத்தது. குறைந்த அளவில் உறை முந்திக்கொண்டு உருவானது, கூடிய அளவில் தாமதமானது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அதுதான். "மருந்து மூளையை அழிக்கிறது" என்று ஒரு வரியில் சொல்ல முடியாது, நேரக்கணக்கு குழம்புகிறது. நெப்ராஸ்காவில் ஒரு குழு கருவிலேயே ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டைப் பெற்ற குட்டிகளையும் பிறந்த பிறகு பால் வழியாக மட்டும் பெற்ற குட்டிகளையும் ஒப்பிட்டது. இரண்டிலும் மாற்றம் இருந்தது, கருவில் பெற்றவற்றில் அதிகம்.

இப்போது இதை நிலாவுக்குப் பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

எலிக்குட்டி கண் மூடி, மயிரில்லாமல், அரைகுறையாகப் பிறக்கிறது. அதன் மூளை நிறைமாத மனிதக் குழந்தையின் நிலைக்கு வர இன்னும் ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே எலியின் முதல் வாரப் பால்குடியை மூளை வளர்ச்சிக் கணக்கில் மனிதக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களோடு வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "பால் குடித்த எலிக்குட்டிகள்" என்று செய்தி போட்டால் வாசிக்கும் தாய்க்கு வயிறு கலங்காமல் என்ன செய்யும்? நிலா நிறைமாதத்தில் பிறந்தவள். அதோடு ஆய்வுக்கூடத்து எலிக்கு மருந்து ஒன்றிரண்டு மாத்திரையோடு நிற்பதில்லை. தினமும், வாரக்கணக்கில், எடைக்கு நம்மைவிடப் பல மடங்கு அளவில் கொடுக்கிறோம்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மார்ஃபீன் ஏறிய தாய் எலி தன் குட்டிகளைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. சிதறிக் கிடக்கும் குட்டியைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவராது, நக்கிக் கொடுக்காது, மேலே படுத்துச் சூடு தராது. 1982-லேயே இதைக் காட்டினார்கள், மார்ஃபீனை முறிக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் தாய் மறுபடி தாயாகிவிடுவதையும் காட்டினார்கள். நக்கிக் கொடுப்பதும் சூடும் கிடைக்காத குட்டியின் மூளை மருந்தே இல்லாமலும் வேறு மாதிரித்தான் வளரும். அப்படியானால் குட்டியின் மூளையில் நாம் பார்க்கும் மாற்றம் பாலில் வந்ததா, மடி இல்லாததால் வந்ததா? வேறொரு தாயிடம் குட்டிகளை மாற்றி வளர்த்துத்தான் இதைப் பிரிக்க முடியும். எல்லா ஆய்வுகளும் அதைச் செய்வதில்லை.

நியூ சவுத் வேல்ஸ் குழந்தைகள் பல மாதம் கருவில் மருந்தோடு இருந்தவர்கள். தொப்புள்கொடி வழியே போகும் அளவு வேறு, பாலில் போகும் அளவு வேறு. போதாக்குறைக்கு வறுமை, புகை, குறைமாதம், வீடு மாறி வீடு மாறி வளர்வது எல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கின்றன. அந்த ஆய்வு முக்கியமானது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முன்பே உதவி வேண்டும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது பாலைப் பற்றிய ஆய்வு இல்லை.

---

பிராம்ப்டன்_தந்தை
புதன், முற்பகல் 10:58

எலியின் நாட்கணக்கு எனக்குத் தெரியாது. நன்றி, தங்கச்சி. இரண்டையும் கலந்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன்: நான்கு மாத்திரை சரி. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் எடுக்கும் தாய்மார்? அவர்கள் பால் கொடுக்கலாமா?

---

பெயர்_வேண்டாம்
புதன், பகல் 1:30

இந்தக் கேள்விக்காகத்தான் கணக்குத் தொடங்கினேன். எங்கள் ஆட்களிடம் இதுவரை சொன்னதில்லை.

கார் விபத்தில் முதுகு உடைந்தது. ஆக்ஸிகோடோன் கொடுத்தார்கள். வலி போன பிறகும் என்னால் விட முடியவில்லை. அதை விளக்க எனக்குத் தமிழில் சொல் இல்லை, "பழக்கம்" என்றால் எல்லோரும் சாராயத்தை நினைக்கிறார்கள். அதற்குப் பதிலாக மெத்தடோனை மருத்துவரின் மேற்பார்வையில் தினமும் கொடுக்கும் சிகிச்சையில் சேர்ந்தேன், அதில் நிலையாக இருந்தபோதுதான் கர்ப்பமானேன். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் பிள்ளைக்கும் ஆபத்து, நீ மறுபடி விழுந்தால் இருவருக்கும் ஆபத்து என்று சிகிச்சை மருத்துவர் விளக்கினார். நாளுக்கு 85 மி.கி.

மகன் பிறந்த இரண்டாம் நாள் நடுக்கம், தும்மல், விடாத கீச்சு அழுகை தொடங்கியது. விலகல் அறிகுறி. அன்று பணியில் இருந்த ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல், "இந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம், வற்ற வைத்துவிடுங்கள்" என்றார். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன். மறுநாள் பாலூட்டல் ஆலோசகர் வந்து அதைத் திருத்தினார். மெத்தடோன் பாலில் போகும், ஆனால் எடைக்கணக்கில் என் அளவில் 1 முதல் 3 விழுக்காடு வரைதான் என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் முன்பு 20 மி.கி.க்கு மேல் எடுப்பவர்கள் கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்ததாம், 2001-இலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டதாம். நிலையாகச் சிகிச்சையில் இருக்கும் தாய் பால் கொடுத்தால் பிள்ளையின் விலகல் அறிகுறி தணிவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன என்றார்.

விளக்கை மங்கலாக்கி, சட்டையைத் திறந்து, தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொண்டேன். கேட்டபோதெல்லாம் பால். மூன்று நாள் நான் படுக்கவே இல்லை. மார்ஃபீன் சொட்டு கொடுக்காமலேயே அவன் அடங்கினான்.

இப்போது நாலு வயது. பேச்சு கொஞ்சம் தாமதம், பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். கருவில் எடுத்த மருந்தாலா, இரண்டு மொழி வீட்டாலா, யாருக்கும் சொல்ல முடியவில்லை. நேற்று என்னிடம், "அம்மா, மழைக்கு ஏன் வாய் இல்லை?" என்று கேட்டான்.

---

செல்வி_தாதி
புதன், பகல் 2:05

தங்கச்சி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் என் தொழிலில் இருப்பவர். அதற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் செய்ததைத்தான் இப்போது மருத்துவமனைகள் முறையாகவே செய்கின்றன. முன்பு ஃபினகன் பட்டியலை வைத்துத் தும்மலுக்கு ஒரு புள்ளி, நடுக்கத்துக்கு ஒரு புள்ளி என்று கூட்டி மார்ஃபீன் தொடங்குவோம். இப்போது கேட்பது மூன்று: சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா? முதல் மருந்து தாயின் மடி. அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 விழுக்காட்டிலிருந்து 19.5-க்கு இறங்கினர். வீட்டுக்கு அனுப்பத் தயாராகும் நாள் 14.9-இலிருந்து 8.2.

பிராம்ப்டன் தம்பிக்கு: சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே நாங்கள் ஊக்கப்படுத்துகிறோம். தெருவில் வாங்கும் பொருள் வேறு விஷயம். அதில் ஃபென்டனில் என்ற மிக வலிமையான ஓபியாய்டு எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாயை முதலில் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும், பால் அதற்குப் பிறகு. நீண்ட காலம் கொடுத்துவந்த தாய் ஒரே நாளில் பாலை நிறுத்தவும் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

---

ஆய்வுக்கூடத்து_யாழினி
புதன், மாலை 4:40

பெயர் வேண்டாம் அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளை 2010-இல் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 96 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்து 2018-இல் எழுதினார்கள். வளர்ச்சி பொதுவாக வயதுக்குரிய வரம்புக்குள்ளேயே இருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு நேரத்தோடு கூட்டிப் போனீர்களே, மூளைக்கு இந்த வயதில் அதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவில் இப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கர்ப்பத்திலிருந்தே பின்தொடர்ந்து, பிறந்த குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் ஆய்வு நடக்கிறது. வீட்டுச் சூழலையும் சேர்த்தே அளக்கிறார்கள். பாலையும் கருவையும் மடியையும் பிரித்துப் பார்க்க எங்களுக்கு அது வேண்டும்.

---

மதுரை_மீனா
புதன், மாலை 6:12

நடுவில் ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். கசகசா அபின் செடியின் விதைதானே? பால் கொடுக்கும்போது குருமாவில் சேர்க்கலாமா? எங்கள் பக்கம் குழந்தை தூங்கவில்லை என்றால் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

---

மார்க்கம்_மருந்தாளர்
புதன், மாலை 6:45

குருமாவில் ஒரு கரண்டி போட்டதற்குப் பயப்பட வேண்டாம். குழந்தைக்கு நேராகக் கொடுப்பதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. விதைமேல் ஒட்டியிருக்கும் மார்ஃபீன் ஒவ்வொரு பொட்டலத்திலும் வேறு. ஜெர்மனியில் வேகவைத்த கசகசாவின் பாலைக் குடித்த 6 வாரக் குழந்தைக்கு மூச்சே நிற்கப் பார்த்தது. பாட்டியிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். கோடீன் இருமல் சிரப்பையும் பாலூட்டும்போது தவிர்த்துவிடுங்கள்.

---

நிலாவின்_அம்மா
வியாழன், காலை 9:20

எல்லோருக்கும் நன்றி. அன்றிரவே 811-இல் பேசினேன். செல்வி அக்கா கேட்ட அதே கேள்விகள். கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு மணிக்கு மார்பில் போட்டேன். முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். பால் கட்டியிருந்தது இளகும்போது வலி உயிர் போனது. அதற்குப் பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் மட்டும் எடுத்தேன்.

நேற்று மதியம் மருத்துவ நிலையத்தில் நிறுத்தார்கள். பிறந்த எடையைவிட 90 கிராம் குறைவு, இந்த நாளுக்கு அது சரிதான் என்றார்கள். மிச்சம் ஆறு மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

மாமிக்கு யாழினியின் பதிவை முழுக்க வாசித்துக் காட்டினேன். தாய் எலி குட்டியைக் கவ்விக் கொண்டுவராது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய்ப் பவுடர் டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டு வந்தார். இப்போது எனக்கு உள்ளி போட்டுச் சுறாப் புட்டு அவிக்கிறார், பால் ஊறுமாம்.

பெயர் வேண்டாம் அக்கா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். நாங்களும் ஸ்கார்பரோதான். உங்கள் மகனைப் பார்க்க வேண்டும்.